தே தோய் தே

தலை வலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இலங்கை மலையகத்துப் பூனாகலை லயத்து வீட்டில் அதை "எனக்குத் தலை வலிக்குது" என்போம். கொஸ்லாந்தைக் கடைவீதியில் சிங்களத்தில் சொல்ல வேண்டியிருந்தால் "மட்ட ஒளுவ ரிதெனவா". பூனாகலை ஓயா 220 மீட்டர் உயரத்திலிருந்து தியலும அருவியாக விழுவதைப் பார்க்க மாட்ரிட்டிலிருந்தோ லிமாவிலிருந்தோ ஒருவர் வந்து, வெயிலில் நின்று அவருக்கும் தலை வலித்தால், "மே துவெலே லா கபெஸா" என்பார்.

மூன்றையும் அருகருகே வைத்துப் பாருங்கள். "மட்ட" என்றால் எனக்கு. "மே" என்றாலும் எனக்கு. மூன்றிலும் "நான்" இல்லை. வலிப்பது தலை, அந்த வலி வந்து சேர்கிற இடம் நான். இன்னொன்றையும் கவனியுங்கள். மூன்றிலும் "என் தலை" என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு என்று சொன்ன பிறகு யாருடைய தலை என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஆங்கிலமோ இதே சங்கதியை "நான் ஒரு தலைவலியை வைத்திருக்கிறேன்" என்கிற மாதிரி சொல்லும். பள்ளிக்கூடத்தில் அதை மனப்பாடம் செய்தோமே தவிர, அது நம் வாய்க்கு இயல்பாக வந்ததில்லை.

ஸ்பானிய மொழியைக் கற்றுக்கொள்ள விரும்பும் நம் பிள்ளைகளுக்குக் கைப்பேசிச் செயலியும் பாடப்புத்தகமும் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகத்தான் கிடைக்கின்றன. இருபது நாடுகளில் ஆட்சிமொழி, ஏறத்தாழ 50 கோடிப் பேருக்குத் தாய்மொழி. அதற்குள் நுழைய நாமும் ஆங்கிலக் கதவையே தட்டுகிறோம். ஆனால் ஆங்கிலேயரைத் திணறடிக்கும் ஸ்பானிய இலக்கணத்தில் பாதி, தமிழ் பேசுகிறவருக்கு ஏற்கெனவே பழக்கமானது. பெரிய ரோட்டைச் சுற்றிப் போகாமல் தேயிலை மலைக்குள்ளாக இறங்கும் குறுக்குப் பாதை ஒன்று தமிழிலிருந்து ஸ்பானியத்துக்கு இருக்கிறது. வழியில் சில இடங்கள் வழுக்கும். அதையும் பார்ப்போம்.

முதலில் காதுக்குக் கொஞ்சம். ஸ்பானியத்தில் உயிரொலி ஐந்துதான்: அ, எ, இ, ஒ, உ. எழுதியபடியே பேசலாம். "ஆஞோ" என்றால் ஆண்டு. அதன் நடுவிலுள்ள ஒலிக்கு ஸ்பானியர் ந-வின் தலையில் ஒரு சுழி போட்டு எழுதுவார்கள். நமக்கோ ஞ என்ற தனி எழுத்தே உண்டு. "பெரோ" என்றால் "ஆனால்". "பெறோ" என்றால் நாய். இடையினமா வல்லினமா என்பதில் பொருளே மாறிவிடும். ர-வுக்கும் ற-வுக்கும் வித்தியாசம் சொல்லித் தந்த தமிழ் வாத்தியார் வீண்போகவில்லை.

வினையின் வாலில் ஆள்

"நாளைக்குப் பண்டாரவளைக்குப் போறேன்." இந்த வாக்கியத்தில் எழுவாய் எங்கே? எழுதப்படவில்லை. ஆனால் தொலைந்துபோகவும் இல்லை. "போறேன்" என்பதன் கடைசியில் ஒட்டியிருக்கிற "ஏன்" அதைச் சொல்லிவிட்டது. போற, போறான், போறோம், போறீங்க, போறாங்க என்று வாலை மாற்றினால் ஆளும் மாறிவிடுவார்.

ஸ்பானியமும் அப்படியே. பேசுவதற்கு "ஆப்லார்" என்று பெயர். கடைசி "ஆர்" என்பதைக் கழற்றிவிட்டு வாலை மாட்ட வேண்டும். ஆப்லோ: பேசுறேன். ஆப்லாஸ்: பேசுற. ஆப்லா: பேசுறான், பேசுறா. ஆப்லாமோஸ்: பேசுறோம். ஆப்லான்: பேசுறாங்க. "நான்" என்பதற்கு "யோ" என்ற சொல் உண்டு. ஆனால் அழுத்திச் சொல்லும்போது மட்டுமே அது வரும். "யார் பேசுறது?" என்று கேட்டால் "நான்தான் பேசுறேன்" என்போமே, அந்தத் "தான்" வருகிற இடத்தில்தான் "யோ" வரும். ஆங்கிலம் வழியாகப் படித்தவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் "யோ, யோ" என்று தொடங்குவார். கேட்கிறவருக்கு அது "நான்தான் சாப்பிட்டேன், நான்தான் தூங்கினேன், நான்தான் எழுந்தேன்" என்று நெஞ்சைத் தட்டிக்கொள்வது போல இருக்கும்.

பேச்சுச் சிங்களத்தோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். மம யனவா, ஒயா யனவா, எயா யனவா, அபி யனவா: நான், நீ, அவர், நாங்கள் என்று ஆள் மாறினாலும் "யனவா" அசைவதில்லை. எழுத்துச் சிங்களத்தில் வால் மாறும். பேச்சில் அது உதிர்ந்துவிட்டது. ஆங்கிலத்திலும் பெரும்பாலும் உதிர்ந்துபோய் ஒரே ஒரு "ஸ்" மிச்சம். வினை ஊமையானால் எழுவாய்தான் ஆளைச் சொல்லியாக வேண்டும். ஆங்கிலம் எழுவாயை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் இது இரும்பு விதி அல்ல. வால் இல்லாத சிங்களப் பேச்சிலும் எழுவாயை விட்டுவிட்டுப் பேசுகிறோம். அங்கே சூழ்நிலை பார்த்துக்கொள்கிறது.

ஒரு வித்தியாசம் உண்டு. தமிழ் வால் ஆணா பெண்ணா என்பதையும் சொல்லும்: பேசுறான், பேசுறா. ஸ்பானிய "ஆப்லா" அதைச் சொல்லாது. இந்த இடத்தில் தமிழ் மாணவர் சுமப்பது ஒரு மூட்டை குறைவு.

எனக்குப் பிடிக்கும்

தலைவலியில் பார்த்த அமைப்புக்குத் தமிழ் இலக்கணம் நான்காம் வேற்றுமை என்று பெயர் வைத்தது. அதன் உருபு "கு". பசிக்கிறதும் பிடிக்கிறதும் தெரிகிறதும் புரிகிறதும் தமிழில் நாம் செய்கிற வேலைகள் அல்ல, நமக்கு நேர்கிறவை. பறிக்கிறேன், நிறுக்கிறேன், சுமக்கிறேன் என்பவற்றைச் செய்கிறவள் நான். வலிக்கிறது, பிடிக்கிறது என்பவற்றுக்கு நான் வெறும் வாசல். தென்னாசிய மொழிகள் பலவற்றில் இந்தப் பழக்கம் உண்டு.

ஸ்பானியத்தில் "எனக்குத் தேத்தண்ணி பிடிக்கும்" என்பது "மே குஸ்தா எல் தே". மே, எனக்கு. குஸ்தா, பிடிக்கும். எல் தே, தேநீர். ஆங்கிலம் பேசுகிறவர் இந்த இடத்தில் தலையைச் சொறிவார். அவர் மொழியில் "நான்" எழுவாய், தேநீர் செயப்படுபொருள். இங்கே தேநீரே எழுவாய் ஆகிவிட்டது. பாடப்புத்தகங்கள் இதற்குப் பக்கம் பக்கமாக விளக்கம் தரும். "இதைத் 'தேநீர் எனக்கு இன்பம் தருகிறது' என்று திருப்பி யோசியுங்கள்" என்று அறிவுரை சொல்லும். நாம் எதையும் திருப்ப வேண்டாம்.

வினை எழுவாயைப் பின்தொடர்வதால், பிடித்தவை பலவானால் வினையும் பன்மையாகும். "மே குஸ்தான் லோஸ் மங்கோஸ்": எனக்கு மாம்பழங்கள் பிடிக்கும். (மங்கோ என்பதே நம் பக்கத்து மாங்காய் போர்த்துக்கேயர் கப்பலேறிப் போனதுதான்.) நாள் முழுக்கச் சரிவில் நின்று கொழுந்து பறித்துவிட்டு வந்தவர் "மே துவெலென் லோஸ் பியேஸ்" என்பார்: எனக்குக் கால்கள் வலிக்கின்றன. வலிக்கிறது, வலிக்கின்றன என்று எழுத்துத் தமிழும் இப்படி மாறுவதுதான்.

இங்கே ஒரு முரண். சிங்களமும் ஸ்பானியமும் இந்தோ-ஐரோப்பியம் என்ற ஒரே பெருங்குடும்பத்தின் தூரத்து உறவினர்கள். பல்லுக்குச் சிங்களத்தில் "தத", ஸ்பானியத்தில் "தியென்தே". தமிழோ திராவிடக் குடும்பம். இரத்த உறவு பார்த்தால் ஸ்பானியத்துக்கு நாம் அந்நியர். ஆனால் மொழிகளுக்கு இரத்த உறவு வேறு, சாயல் வேறு. அடுத்தடுத்த லயத்தில் குடியிருப்பவர்கள் உறவில்லாமலே ஒரே மாதிரி சமைப்பது போல, பக்கத்துப் பக்கத்தில் வாழும் மொழிகள் ஒன்றின் வழக்கத்தை ஒன்று எடுத்துக்கொள்ளும். தொடர்பே இல்லாத மொழிகளும் ஒரே தேவைக்கு ஒரே தீர்வைக் கண்டுபிடிக்கும். தமிழும் ஸ்பானியமும் இரண்டாவது வகை.

இதையே எல்லா இடத்துக்கும் நீட்டினால் வழுக்கும். "எனக்குப் பசிக்குது" என்பதற்கு ஸ்பானியர் "தெங்கோ ஆம்ப்ரே" என்பார்கள்: பசி வைத்திருக்கிறேன். "எனக்கு இருபது வயசு" என்பது "தெங்கோ வெயின்தே ஆஞோஸ்": இருபது ஆண்டுகள் வைத்திருக்கிறேன். பசி, தாகம், தூக்கம், குளிர், பயம், வயது இவையெல்லாம் ஸ்பானியத்தில் "வைத்திருக்கும்" பொருட்கள். பட்டியல் சின்னதுதான். அப்படியே பாடமாக்கிக்கொள்ளலாம்.

பொண்ணு பார்ப்பதும் பொண்ணைப் பார்ப்பதும்

"கொழுந்து பறிச்சேன்." யாரும் "கொழுந்தைப் பறிச்சேன்" என்று சொல்லிக்கொண்டு மலையிலிருந்து இறங்குவதில்லை. ஆனால் "கங்காணியைப் பார்த்தேன்" என்றுதான் சொல்ல வேண்டும். "கங்காணி பார்த்தேன்" என்றால் வாக்கியம் உடைந்துவிடும். இரண்டிலும் இருப்பது செயப்படுபொருள்தானே? ஒன்றுக்கு ஏன் "ஐ" தேவையில்லை, மற்றதற்கு ஏன் கட்டாயம்?

பொருளுக்கு உருபு விருப்பம், மனிதருக்கு அவசியம். காரணம் எளிது. கொழுந்து மனிதரைப் பறிக்காது, ஆகவே யார் யாரை என்ற குழப்பம் அங்கே வராது. கங்காணியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள முடியும். பார்த்தவர் யார், பார்க்கப்பட்டவர் யார் என்று அடையாளம் போட்டாக வேண்டும்.

ஸ்பானியம் இதே அடையாளத்தை "ஆ" என்ற சின்னச் சொல்லால் போடுகிறது. "வேயோ லா மெஸா": மேசை பார்க்கிறேன். "வேயோ ஆ மரியா": மரியாவைப் பார்க்கிறேன். மேசைக்கு "ஆ" இல்லை, மரியாவுக்கு உண்டு. பேச்சுச் சிங்களத்திலும் இதன் சாயலைக் காணலாம். "மம லமயாவ தெக்கா", குழந்தையைக் கண்டேன். அந்த "வ" உயிருள்ளவற்றுக்கு மட்டுமே ஒட்டும். வீட்டுக்கும் மேசைக்கும் ஒட்டாது. உலகின் பல மூலைகளில் உள்ள மொழிகளில் காணப்படும் இந்த வழக்கத்துக்கு "வேறுபடுத்தும் செயப்படுபொருள் குறியீடு" என்ற பொருளில் ஒரு பெயரை ஜெர்மானிய மொழியியலாளர் கெயோர்க் போஸோங் 1980களில் வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். உயர்திணை, அஃறிணை என்று பிரித்துப் படித்த நமக்கு இது ஆச்சரியமான கண்டுபிடிப்பு அல்ல.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. "பொண்ணு பார்க்கப் போறோம்" என்கிறோமே? பொண்ணு உயர்திணைதானே, "ஐ" எங்கே போனது? அங்கே இன்னும் ஒரு குறிப்பிட்ட பெண் இல்லை. யாரோ ஒருத்தி, இனிமேல்தான் தெரியும். பார்த்து, பிடித்து, தாம்பூலம் மாற்றிய பிறகு "பொண்ணைப் பார்த்துட்டு வர்றேன்" என்றால் அவள்தான், வேறு யாருமில்லை. உருபு வந்துவிட்டது.

ஸ்பானியத்தில் "நோவியா" என்றால் காதலி, மணப்பெண். "புஸ்கோ நோவியா" என்றால் பொண்ணு தேடுகிறேன். எவளும் இன்னும் அமையவில்லை. "புஸ்கோ ஆ மி நோவியா" என்றால் என் பொண்ணைத் தேடுகிறேன். திருவிழாக் கூட்டத்தில் கைவிட்டுப் போனவளை. ஒரே ஒரு "ஆ". அதற்குள் ஒரு நிச்சயதார்த்தமே அடங்கியிருக்கிறது. ஆங்கிலம் வழியாக வருகிறவர் இந்த "ஆ"வை வருடக்கணக்கில் மறப்பார். தமிழர் தம் வாக்கியத்தை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்து, "ஐ" கேட்கிறதா என்று காது கொடுத்தால் பெரும்பாலும் போதும். "பெரும்பாலும்" என்பதை மறக்க வேண்டாம். "அந்தக் கூடையை எடு" என்று குறிப்பிட்ட பொருளுக்கும் தமிழ் "ஐ" போடும். ஸ்பானியம் கூடைக்கு அந்த மரியாதையைத் தராது.

இருப்பதற்கு இரண்டு

ஸ்பானியம் கற்கும் ஆங்கிலேயருக்குப் பெருங்கண்டம் "செர்", "எஸ்தார்" என்ற இரண்டு வினைகள். அவர்களிடம் இருப்பதற்கு ஒரே வினைதான். நிரந்தரமானதற்கு செர், தற்காலிகமானதற்கு எஸ்தார் என்று அவர்களுக்கு ஒரு விதி சொல்லித்தரப்படுகிறது. அது சீக்கிரமே காலை வாரும். பூனாகலை பதுளை மாவட்டத்தில் இருக்கிறது. நேற்றும் இருந்தது, நாளையும் இருக்கும். இதைவிட நிரந்தரம் என்ன? ஆனாலும் ஸ்பானியர் "பூனாகலை எஸ்தா என் பதுளை" என்றுதான் சொல்வார்கள், எஸ்தார்தான் அங்கே.

தமிழிலிருந்து பாருங்கள். "நான் டீச்சர்." "இது தேயிலை." "இன்னைக்கு ஞாயித்துக்கிழமை." "மணி அஞ்சு." இவற்றில் வினையே இல்லை. "எந்த ஊர்?" என்று கேட்டால் "நான் பூனாகலை" என்கிறோம்; அதிலும் இல்லை. இப்படித் தமிழில் வினை இல்லாமல் இரண்டு பெயர்கள் கைகோத்து நிற்கிற இடமெல்லாம் ஸ்பானியத்தில் செர். "சோய் தெ பூனாகலை", நான் பூனாகலை. "ஒய் எஸ் தொமிங்கோ", இன்றைக்கு ஞாயிறு.

"அம்மா மலையில இருக்காங்க." "தேத்தண்ணி சூடா இருக்கு." "கதவு மூடியிருக்கு." "எப்படி இருக்கீங்க?" "பேசிக்கிட்டு இருக்கேன்." இவற்றில் எல்லாம் "இரு" இருக்கிறது. ஸ்பானியத்தில் இந்த ஐந்துக்கும் எஸ்தார்தான். கடைசி இரண்டை மட்டும் பார்ப்போம். "கோமோ எஸ்தா", எப்படி இருக்கீங்க. "எஸ்தோய் ஆப்லாந்தோ", பேசிக்கிட்டு இருக்கேன். பேசுவது முடியாமல் நீள்வதைக் காட்ட இரண்டு மொழிகளும் இருத்தல் வினையையே துணைக்கு அழைத்திருக்கின்றன.

எஸ்தார் லத்தீனில் "நிற்றல்" என்ற பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது. நம் "இரு" உட்கார்வதையும் குறிக்கும். யாழ்ப்பாணத்தார் வீட்டுக்குப் போனால் "இருங்கோ" என்று கதிரையைத்தான் காட்டுவார்கள். அவர்கள் நின்றார்கள், நாம் உட்கார்ந்தோம். இரண்டுமே ஓரிடத்தில் ஓர் உடல் தங்குவதிலிருந்து பிறந்தவை. அதனால்தான் இடத்துக்கு இந்த வினை பொருந்துகிறது.

வழுக்கும் இடங்கள் இரண்டு. "பையன் உயரமா இருக்கான்" என்பதில் நாம் "இரு" போட்டாலும், உயரம் ஆளின் இயல்பு என்பதால் ஸ்பானியம் செர் போடும். அடுத்தது, "மலையில அட்டை இருக்கு" என்று ஒன்று உண்டு என்பதை அறிவிக்கும்போது எஸ்தாரும் வராது, செரும் வராது. "ஆய்" என்ற தனிச்சொல் வரும். "உண்டு" என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். பொருந்தினால் "ஆய்".

கண்ணாடியில் தெரியும் மலை

இதுவரை சாயல். இனி நேர் எதிர். "மலையில நேத்து பறிச்ச கொழுந்து" என்பதை ஸ்பானியத்தில் "லா ஓஹா கே ரெகொஹீ அயெர் என் லா மொந்தாஞா" என்பார்கள். அதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால்: கொழுந்து, பறிச்ச, நேத்து, மலையில. நம் வாக்கியத்தைக் கண்ணாடியில் காட்டினால் எப்படியோ அப்படி. நாம் "மலையில்" என்று உருபைப் பின்னால் ஒட்டுகிறோம். அவர்கள் "என் லா மொந்தாஞா" என்று முன்னால் வைக்கிறார்கள். "சீனியோட" என்பது "கோன் அசூகர்". நாம் வினையைக் கடைசியில் வைத்து வாக்கியத்தைப் பூட்டுகிறோம். அவர்கள் வினையை நடுவில் வைத்துவிட்டுப் பொருளைப் பிறகு சொல்கிறார்கள்.

இந்தப் புரட்டல் தற்செயல் அல்ல. அமெரிக்க மொழியியலாளர் ஜோசப் கிரீன்பர்க் 1963இல் வெளியிட்ட ஆய்வில் உலகெங்கும் இருந்து 30 மொழிகளை எடுத்து ஒப்பிட்டார். திராவிடத்துக்குக் கன்னடமும், ஸ்பானியத்தின் உடன்பிறப்பான இத்தாலியமும் அந்தப் பட்டியலில் இருந்தன. வினையைக் கடைசியில் வைக்கும் மொழிகள் மிகப் பெரும்பாலும் வேற்றுமை உருபையும் பெயருக்குப் பின்னால்தான் வைக்கும் என்று அவர் கண்டார். ஒரு திசையைத் தேர்ந்துகொண்ட மொழி, மற்ற முடிவுகளையும் பெரும்பாலும் அதே திசையில் எடுக்கிறது. ஆகவே கற்கிறவருக்கு இது பத்து விதி அல்ல, ஒரே விதி: பின்னால் இருப்பதை முன்னால் கொண்டுவா.

இந்தக் கண்ணாடியில் ஒரு கீறல் உண்டு. "உனக்கு அதைத் தர்றேன்" என்பது ஸ்பானியத்தில் "தே லோ தோய்". தே, உனக்கு. லோ, அதை. தோய், தர்றேன். சொல்லுக்குச் சொல் தமிழ் வரிசை! பெயர்ச்சொல் என்றால் வினைக்குப் பின்னால். அவனை, அதை, எனக்கு, உனக்கு போன்ற சின்ன மாற்றுப்பெயர்கள் என்றால் வினைக்கு முன்னால். "மே குஸ்தா", "மே துவெலே" என்பவற்றில் "மே" முன்னால் நின்றதும் இதனால்தான்.

இப்போது தலைப்புக்கு வரலாம். தேநீருக்கு ஸ்பானியப் பெயர் "தே". சீனாவின் புஜியான் கரையோரத்தில் ஹொக்கியன் மொழி பேசியவர்களிடமிருந்து டச்சு வணிகர் எடுத்துக்கொண்டு உலகெங்கும் பரப்பிய சொல். சிங்களத் "தே"யும் நம் தேயிலையின் "தே"யும் அதே கொடியில் காய்த்தவைதான். உனக்கு என்பதற்கும் ஸ்பானியத்தில் "தே". எழுதும்போது தேநீரின் தலையில் ஒரு கோடு போடுவார்கள். காதுக்கு இரண்டும் ஒன்றே. அப்படியானால் "தே தோய் தே" என்றால் என்ன? வினைக்கு முன்னால் நிற்பது மாற்றுப்பெயர், பின்னால் நிற்பது பெயர். உனக்குத் தேநீர் தருகிறேன். ஒரே ஒலிக்கு இரண்டு பொருள். எது எது என்று சொல்வது அது நிற்கிற இடம் மட்டுமே. இலக்கணம் என்பது வெறும் கட்டுப்பாடு அல்ல, அதுவே பொருளைத் தருகிறது என்பதற்கு இதைவிடச் சிறிய சாட்சி கிடைப்பது அரிது.

மேசை பெண்ணா?

நமக்கு உண்மையிலேயே புதியது ஒன்று உண்டு. ஸ்பானியத்தில் எல்லாப் பெயருக்கும் பால் உண்டு. மேசை பெண்பால்: லா மெஸா. தேநீர் ஆண்பால்: எல் தே. பின்னால் வரும் அடைமொழியும் அதற்கேற்ப மாறும். கருந்தேநீர் "தே நெக்ரோ". கறுத்த இலை "ஓஹா நெக்ரா". இலைகள் பலவானால் "ஓஹாஸ் நெக்ராஸ்". தமிழில் நல்ல பையன், நல்ல பொண்ணு, நல்ல மழை எல்லாவற்றுக்கும் ஒரே "நல்ல". நமக்குப் பால் என்பது பொருளைப் பார்த்து வருவது. அவர்களுக்குச் சொல்லைப் பார்த்து வருவது. மேசையிடம் பெண்மையைத் தேட வேண்டாம்.

இதற்குக் கைகொடுக்க ஒரு பழைய சரக்கு நம் வீட்டிலேயே இருக்கிறது. இலங்கைத் தமிழில் மேசை, சப்பாத்து, வாங்கு, துவாய், குசினி, பாண் எல்லாம் போர்த்துக்கேயம் விட்டுப்போனவை. போர்த்துக்கேயமும் ஸ்பானியமும் லத்தீன் வயிற்றில் பிறந்த அக்காள் தங்கை. ஆகவே ஸ்பானியத்தில் இவை மெஸா, சபாத்தோ, பாங்கோ, தொவாயா, கொஸீனா, பான். "ஓ"வில் முடியும் சொற்கள் பெரும்பாலும் ஆண்பால், "ஆ"வில் முடிபவை பெரும்பாலும் பெண்பால். போர்த்துக்கேய "ஓ" நம் காதில் "உ" ஆகியது: சப்பாத்து, வாங்கு. "ஆ" சில சொற்களில் "ஐ" ஆகியது: மேசை. சப்பாத்து "எல்", மேசை "லா". நானூறு ஆண்டுகளாக அந்தப் பால் வேறுபாடு நம் சொற்களின் வாலில் பிழைத்துக் கிடக்கிறது.

ஸ்பானியம் இந்தத் தீவுக்கு முற்றிலும் அந்நியமும் அல்ல. 1580 முதல் 1640 வரை ஸ்பானியாவின் அரசரே போர்த்துக்கல்லுக்கும் அரசர். 1630இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா பதுளையைச் சூறையாடிவிட்டுத் திரும்புகையில், வெல்லவாயாவுக்கு அருகே ரந்தெனிவெலவில் கண்டிப் படையிடம் தோற்று உயிர்விட்டார். அந்தத் தளபதி வணங்கிய அரசர் மாட்ரிட்டில் இருந்தார். ஊவாவில் அந்தப் படை மடிந்தது. பாணும் மேசையும் தங்கிவிட்டன.

இங்கே வா

இந்தப் பக்கத்தில் அந்நியர் மொழி கற்றது புதிதல்ல. திசைதான் வேறு. தமிழுக்கு ஐரோப்பியர் எழுதிய முதல் இலக்கணம் முத்துக்குளித்துறையில் ஊழியம் செய்த இயேசு சபைப் பாதிரியார் அன்றீக்கே அன்றீக்கஸ் 1549 வாக்கில் போர்த்துக்கேயத்தில் எழுதியது. சமயம் பரப்ப அவருக்குத் தமிழ் தேவைப்பட்டது. தோட்டத் துரைமாருக்கோ வேலை வாங்கத் தேவைப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏ. எம். பெர்குசன் தொகுத்துக் கொழும்பில் அச்சான சின்னதுரைமாரின் சட்டைப்பைத் தமிழ் வழிகாட்டிக்குப் பெயரே "இங்கே வா". 1915இல் டபிள்யூ. ஜி. பி. வெல்ஸின் "கூலித் தமிழ்" வந்தது. புதிதாகக் கப்பலிறங்கிய இருபது வயது இளைஞன் தன் அப்பா வயதுள்ளவரை அழைக்கக் கற்ற முதல் வாக்கியம் "இங்கே வா".

அதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஏவல் வினை, ஒருமை, முன்னிலை, எல்லாம் சரி. ஆனால் லயத்தில் வளர்ந்த எந்தப் பிள்ளையும் பெரியவரை அப்படிக் கூப்பிடாது. "வாங்க" என்றுதான் சொல்லும். ஆங்கிலத்தில் வா, வாங்க இரண்டுக்கும் ஒரே சொல்தான். தமிழில் யார் யாருக்கு என்ன முறை என்பதை வினையின் வால் சொல்லியாக வேண்டும். அதிலிருந்து தப்ப வழியில்லை.

ஸ்பானியத்திலும் தப்ப வழியில்லை. நீ என்பதற்கு "தூ". நீங்கள் என்பதற்கு "உஸ்தெத்". "தங்கள் கருணை" என்ற பொருளுடைய பழைய மரியாதைத் தொடர் ஒன்று தேய்ந்து தேய்ந்து உஸ்தெத் ஆகியது. நாம் ஒருவரைப் பன்மையாக்கி மதிக்கிறோம். அவர்கள் படர்க்கையாக்கி மதிக்கிறார்கள், எதிரில் நிற்பவரிடமே "அவர் வரட்டும்" என்பது போல. வா என்பதற்கு "பென்". வாங்க என்பதற்கு "பெங்கா". உனக்கு என்ற "தே"யும் மரியாதையில் "லே" ஆகிவிடும்.

ஆகவே தியலும பார்க்க வந்து களைத்து நிற்கும் வயதான ஸ்பானிய அம்மாவிடம் தலைப்பில் இருக்கிற வாக்கியத்தைச் சொல்லாதீர்கள். அது தோழிக்கு. அவரிடம் சொல்ல வேண்டியது இது: "பெங்கா, லே தோய் தே." வாங்க, உங்களுக்குத் தேத்தண்ணி தர்றேன்.